உப்புக்காற்றில் ஒரு கிழட்டு ஜிப்சி

“துரும்பு எடுத்து, சாரே.”

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த ஆசான் இதைச் சொன்னபோது, அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் சேஸுக்குள் அரை அங்குலம் இறங்கியிருந்தது. இந்தப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் மூத்த மெக்கானிக்கை ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழ்க் காதுக்குத் துரும்பு என்றால் வைக்கோல் துணுக்கு. மலையாளத்தில் இரும்பில் ஏறும் துருவுக்கு அதுதான் பெயர். வெளியே வந்தவர் உள்ளங்கையை விரித்தார். அடுக்கடுக்காக உரிந்த பழுப்புச் செதில்கள். விரலால் நசுக்கியதும் முறுக்குப் பொடியாக உதிர்ந்தன. வைக்கோலுக்காவது கொஞ்சம் நார் உண்டு.

நான் வாங்க நினைத்திருந்த மாருதி ஜிப்சி அது. விழிஞ்ஞத்தில் கடலைப் பார்த்த வீடு. தகரக் கொட்டகைக்குள் பத்திரமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். ஓடியது 60,000 கிலோமீட்டர் சொச்சம்தான். பெயிண்டில் முகம் பார்க்கலாம். விற்க வந்தவர் பொய் ஏதும் சொல்லவில்லை. அடியில் என்ன நடக்கிறது என்று அவருக்கே தெரியாது.

ஒரு மாதம் கழித்துப் பீருமேட்டிலிருந்து வேறொன்று கிடைத்தது. 2004-ம் வருட வண்டி, ஓடியது ஒன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டர். தேயிலைத் தோட்டத்துச் செம்மண் இடுக்கெல்லாம் அப்பியிருந்தது. சீட் கிழிசல், பம்பர் கோணல். ஆசான் சின்னச் சுத்தியலை எடுத்துச் சேஸை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போனார். எங்கும் ‘டொக்’ என்று செத்த ஓசை வரவில்லை. “இதை எடுக்கலாம்” என்றார். 2019 முதல் அதில்தான் விழிஞ்ஞத்துக்கும் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்குமாகத் தினமும் போய் வருகிறேன். போக 16 கிலோமீட்டர், வர 16.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் எல்லோரும் மீட்டரைப் பார்க்கிறார்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட, ஓடாத நேரத்தில் எங்கே நின்றது என்பதுதான் இரும்பு வண்டியின் வயதைச் சொல்லும். தினமும் ஒன்றரை மணி நேரம் ஓடுகிற வண்டி மீதி இருபத்திரண்டரை மணி நேரம் சும்மா நிற்கிறது. துரு அந்த நேரத்தில்தான் வேலை பார்க்கிறது.

விழிஞ்ஞத்தில் உப்பு எப்படி ஊருக்குள் வருகிறது? அலை உடையும்போது காற்று நீருக்குள் சிக்கி எண்ணற்ற குமிழ்களாகிறது. ஒரு குமிழ் மேலே வந்து வெடித்தால் இரண்டு காரியம் நடக்கும். அதன் மெல்லிய தோல் கிழிந்து நுண்துளிகளாகச் சிதறும். பின்னாலேயே, குமிழ் இருந்த பள்ளத்தை நிரப்பப் பாய்கிற நீர் நடுவில் மோதி ஊசி போல ஒரு தாரையாக எழும்பி, இன்னும் சில துளிகளை மேலே எறியும். பெரிய துளிகள் திரும்பக் கடலில் விழும். சிறியவை காற்றிலேயே நீர் வற்றி, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகளாகி, ஜூனில் தென்மேற்குக் காற்று கிளம்பியதும் வீட்டு முற்றம்வரை வந்து சேரும். கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் படிகிற அளவு மிக அதிகம்; உள்ளே போகப்போகச் சட்டென்று குறையும். அதனால்தான் பாலராமபுரத்தில் நிற்கிற வண்டியும் விழிஞ்ஞம் துறையோரம் நிற்கிற வண்டியும் ஒரே வருடத்தில் பிறந்தாலும் ஒரே வயதில் இருப்பதில்லை.

இந்த அலைக்கு எவ்வளவு தெம்பு என்று ஊருக்குத் தெரியும். 1991-ல் ஐஐடி மெட்ராஸ் இங்கே 150 கிலோவாட் திறனில் ஒரு அலை மின் நிலையம் கட்டியது. கான்கிரீட் அறைக்குள் அலை ஏறி இறங்க, மேலே உள்ள காற்று அழுந்தியும் இழுபட்டும் ஒரு விசிறியைச் சுழற்றும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஒரே திசையில் சுற்றுகிற அருமையான விசிறி அது. நிலையம் நின்று பல காலம் ஆகிவிட்டது. அலை உப்பை அனுப்புவது மட்டும் நிற்கவில்லை.

உப்பு வந்து படிந்தால் மட்டும் இரும்பு துருப்பிடிக்காது, நீர் வேண்டும். இங்கேதான் கடலுப்பின் தந்திரம். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்து நீரை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். ஆனால் கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 விழுக்காடே போதும். மழைக்காலத்தில் அடுப்படியில் கல்லுப்புச் சாடி வியர்த்து, அடியில் நீர் கோத்துக்கொள்கிறதே, அது இந்த மக்னீசியத்தின் கைங்கர்யம். மேசையுப்பில் அதை நீக்கிவிடுவதால் அவ்வளவாகக் கசியாது. திருவனந்தபுரத்தில் காலை ஈரப்பதம் பெரும்பாலான மாதங்களில் 80 விழுக்காட்டுக்கு மேல். நட்டநடுக் கோடை மதியத்திலும் 33-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆக, இந்த ஊரில் உப்புப் படிந்த சேஸ் காய்வதே இல்லை. தொட்டால் காய்ந்ததாகத் தெரியும். மேலே மெல்லிய உப்பு நீர்ப்படலம் வருடம் முழுவதும் இருக்கும்.

அந்தப் படலம் போதும். துரு என்பது ஒரு பேட்டரி. இரும்பின் ஒரு புள்ளி எலக்ட்ரானை விட்டுக் கரையும். பக்கத்திலேயே இன்னொரு புள்ளியில் ஆக்சிஜனும் நீரும் அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே அயனிகள் போய்வர ஈரமான பாதை வேண்டும். வெறும் மழைநீர் அவ்வளவு நல்ல பாதை அல்ல. உப்பு நீர் என்றால் நெடுஞ்சாலை. போதாததற்கு, இரும்பின் மேல் தானாக உண்டாகும் காப்புப் படலத்தைக் குளோரைடு அயனி அங்கங்கே துளைத்துவிடுகிறது. உண்டாகும் துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருத்தது. அது ஊதி, செதிலாகப் பிளந்து, பிளவுக்குள் இன்னும் உப்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்புவது இதனால்தான்.

கொட்டகை வண்டி ஏன் அந்தக் கதிக்கு ஆளானது என்பதும் இதில் அடக்கம். திறந்த வெளியில் நிற்கிற வண்டியை மழை அடிக்கடி கழுவிவிடும். கூரைக்குள் நிற்பதற்குக் காற்றோடு உப்பு வரும், மழை வராது. ஒவ்வொரு நாள் உப்பும் முந்தைய நாள் உப்பின் மேல் படியும். எந்த வண்டிக்கும் அடிப்பாகம் அப்படித்தான். அது நிரந்தரக் கொட்டகை. மழைநீர் மேலிருந்துதான் விழுகிறது, கீழிருந்து அடிப்பதில்லை.

அளவு தெரியாமல் பயப்படுவதிலும் அர்த்தமில்லை. காற்றின் அரிப்புத் தன்மையை உலகத் தர அமைப்பு சி1 முதல் சி5 வரையும், அதற்கு மேல் சிஎக்ஸ் என்றும் தரம் பிரித்திருக்கிறது. சி5 என்றால், பூச்சில்லாத சாதாரண எஃகு முதல் வருடத்தில் 80 முதல் 200 மைக்ரான் வரை தேயும். அலையடிக்கும் வெப்பமண்டலக் கரைகள் பொதுவாக இந்தப் பக்கம்தான் சேரும். நடுவாக 100 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், முக்கால் மில்லிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள பாடித் தகடு, பெயிண்ட் போய்விட்டால், எட்டு வருடத்துக்குள் ஓட்டை. சேஸ் அதைவிடத் தடிமன், கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இந்தியாவுக்கென்றே அரிப்பு வரைபடம் தயாரித்திருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த நிலையம். ஊருக்கு ஊர் எஃகுத் தகடுகளைத் தொங்கவிட்டு, எடை எவ்வளவு குறைந்தது என்று அளந்து போட்ட படம். பழைய வண்டி விற்கிறவர்கள் கையில் அதைக் கொடுத்தால் பாதிப் பேர் தொழிலை விட்டுவிடுவார்கள்.

துறையில் எனக்குப் பழக்கமான மீனவர் ஒருவர் ஒரு நாள் உள்ளங்கையளவு துத்தநாகக் கட்டியைக் கொண்டுவந்து தந்தார். வள்ளத்தின் அவுட்போர்டு எஞ்சினில் மாட்டுவது. “இதை அடியில் முடுக்கு, துரும்பு வராது” என்றார். எஞ்சினில் அது உண்மையிலேயே வேலை செய்கிறது. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானை விடும். அது கரையும்வரை இரும்பு தப்பிக்கும். 2025 மே 2-ல் பிரதமர் திறந்து வைத்த விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வருகிற தாய்க்கப்பல்களின் அடியிலும் இப்படிப்பட்ட பலியாடுகள் உண்டு. ஆனால் கப்பலும் எஞ்சினும் கடலுக்குள் முழுகியிருக்கின்றன. துத்தநாகத்துக்கும் அது காக்க வேண்டிய இடத்துக்கும் நடுவே கடலே பாதை. சேஸில் ஒரு மூலையில் கட்டியை முடுக்கினால், மறு மூலைக்கு அயனி போக வழியில்லை. ஈரப்படலம் அங்கங்கே துண்டுபட்டுக் கிடக்கும். துத்தநாகம் வண்டியைக் காக்க வேண்டுமென்றால் தகடு முழுக்கப் பூச்சாக இருக்க வேண்டும். பேட்டரியில் இணைத்தால் துருவே வராது என்று விற்கிற மின்னணுப் பெட்டிகளுக்கும் இதே பதில்தான். கட்டியை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. பேப்பர் பறக்காமல் இருக்க மேசையில் வைத்திருக்கிறேன்.

மீனவர்களிடம் கற்க வேண்டிய பாடம் வேறொன்று. கரைக்கு வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவுகிறார்கள். அதை நானும் செய்கிறேன். வாரம் ஒரு தடவை, மழையில்லாத மாதங்களில் கட்டாயமாக, தோட்டத்துக் குழாயைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடித்துப் பத்து நிமிடம். சேஸ் என்பது இரண்டு நீளப் பெட்டிக் குழாய்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த ஏணி. அந்தக் குழாய்களின் அடியில் நீர் வடிவதற்குச் சின்னத் துளைகள் இருக்கும். செம்மண் அடைத்தால் உள்ளே ஈரம் தங்கி, உள்ளிருந்து வெளியே தின்னும். பெயிண்ட் அப்படியே இருக்க, தகடு காகிதமாகிவிடும். கம்பியால் துளைகளைக் குத்திவிட்டுப் பிறகுதான் தண்ணீர். வருடத்துக்கு ஒரு தடவை, நன்றாகக் காய்ந்த பிப்ரவரியில், நீண்ட குழாய் வைத்து உள்ளே மெழுகு கலந்த எண்ணெயைப் பீய்ச்சச் சொல்கிறேன். பழைய ஆட்கள் வேஸ்ட் ஆயில் அடிப்பார்கள். துருவைத் தடுக்கும் என்பது உண்மை; ஆனால் ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும், மழையில் வழிந்து கிணற்றுக்குப் போகும். கருப்புத் தார் மாதிரி அண்டர்கோட்டிங் அடிப்பதிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. துருவின் மேல் அடித்தால் அது துருவுக்குப் போர்வை. ஒரு விரிசல் விட்டால் போதும், உப்பு நீர் உள்ளே போய் வெளியே வராது.

இனி, இவ்வளவு சிரமப்பட்டுக் காப்பாற்றுகிற சேஸின் மேல் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

தமிழில் நாலு சக்கர வண்டி என்றால் எல்லாக் காரும்தான். நான் சொல்வது நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகிற வண்டி. ஒர்க்‌ஷாப் மொழியில் ஃபோர் வீல். நம் ஊரில் அதற்குப் பொதுப்பெயர் ஜீப்பு. உலகப்போரில் பிறந்த வில்லிஸ் ஜீப்பை 1940-களின் கடைசியில் மஹிந்திரா மும்பையில் கோத்து விற்கத் தொடங்கியது. 1985 டிசம்பரில் மாருதி ஜிப்சி வந்தது. முதலில் 970 சிசி எஞ்சின், 1996-ல் 1.3 லிட்டர், 2000-ல் கார்புரேட்டர் போய் எரிபொருள் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ. 2019-ல் பொதுமக்களுக்கு விற்பது நின்றது. ராணுவம் ஆயிரக்கணக்கில் வாங்கியதாலும், இதே குடும்பத்து எஞ்சின் எஸ்டீம் காரிலும் ஓடியதாலும் உதிரிக்குப் பஞ்சமில்லை. மூணாறு, சூரியநெல்லி, கொழுக்குமலைப் பக்கம் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இன்றும் ஜீப்புதான். அங்கே அது ஆடம்பரம் அல்ல, டவுன் பஸ்.

நாலு சக்கர விசையைத் தார் ரோட்டில் போடக்கூடாது என்பதை நான் காசு கொடுத்துக் கற்றேன். வாங்கிய வருட மழையில், “மழைக்கு ஃபோர் வீல்ல போட்டு ஓட்டு, வழுக்காது” என்று நண்பர் ஒருவர் சொன்னார். கோவளத்திலிருந்து பைபாஸில் அப்படியே போனேன். திருவல்லத்தில் மழை நின்று, ரோடு உலர்ந்துவிட்டது. கிழக்கேகோட்டையில் நிறுத்துமிடத்துக்குள் திருப்பியபோது ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது; டயர் கீச்சிட்டது; வண்டி தானே பிரேக் பிடித்ததுபோல் நின்றது. ஃபோர் வீல் கம்பியை இழுத்தால் அசையவில்லை. ஆசானுக்குப் போன் போட்டேன். “பின்னால எடு சாரே, நேரா எடு” என்றார். பத்தடி பின்னால் எடுத்ததும் ‘டங்’ என்று ஒரு சத்தம். கம்பி வெண்ணெயாக நழுவியது.

நடந்தது கணக்கு. ஜிப்சியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.375 மீட்டர். வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் போகின்றன. பின் அச்சின் நடு 5 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், முன் அச்சின் நடு 5.5 மீட்டருக்குச் சற்று மேல். ஒரு கால் வட்டத் திருப்பத்தில் பின்பக்கம் 7.85 மீட்டர் போகும், முன்பக்கம் 8.7 மீட்டர். ஒரே திருப்பத்தில் 84 சென்டிமீட்டர் வித்தியாசம். சக்கரச் சுற்றளவும் அச்சின் பல்விகிதமும் சேர்த்துப் பார்த்தால், முன் ஷாஃப்ட் பின் ஷாஃப்டைவிட ஒன்றரைச் சுற்று அதிகம் சுற்றியாக வேண்டும். ஆனால் இந்த மாதிரி வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டு ஷாஃப்டையும் பல்லோடு பல்லாகப் பூட்டிவிடுகிறது. ஒரே அச்சின் இடது வலது சக்கரங்களுக்கு நடுவே வேக வித்தியாசத்தைச் சமாளிக்க டிஃபரன்ஷியல் இருக்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே இல்லை. மணலிலோ சேற்றிலோ என்றால் ஏதாவது ஒரு டயர் வழுக்கிக் கணக்கைச் சரிக்கட்டிவிடும். உலர்ந்த தாரில் டயர் விடாது. அந்த ஒன்றரைச் சுற்று, ஷாஃப்டிலும் அதன் மூட்டான கிராஸிலும் பல்லிலும் முறுக்காக ஏறி நிற்கும். பிழிந்த துணியைப் போல. பின்னால் எடுத்தால் முறுக்குக் கழன்றுவிடும். கழலாவிட்டால் எது பலவீனமோ அது உடையும். அன்றைக்கு என் முன் ஷாஃப்டின் ஒரு கிராஸ் போயிற்று.

அதனால் தினசரி ஓட்டத்தில் இது பின் சக்கர வண்டிதான். மாதம் ஓரிரு தடவை, துறைக்கு அருகே மணல் பரவிய தடத்தில் கொஞ்ச தூரம் நாலு சக்கரத்தில் போட்டு எடுக்கிறேன். முன் அச்சின் பற்களில் ஆயில் ஏறாமல் காய்ந்துகிடக்கக் கூடாது, கம்பியும் துருவில் ஒட்டிக்கொள்ளக் கூடாது. லோ கியர் தேவைப்படுவது துறையிலிருந்து மேட்டுக்கு ஏறும் செங்குத்தான சந்துகளில், யாராவது வள்ளத்தையோ மீன் பெட்டி ஏற்றி மாட்டிக்கொண்ட வண்டியையோ இழுக்கச் சொன்னால். முதல் கியர், லோ, அச்சுப் பல் மூன்றும் சேர்ந்து எஞ்சினின் திருப்புவிசையைச் சுமார் முப்பது மடங்காக்கும். வேகம் நடப்பவரைவிடக் குறைவு. இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமலே எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இந்தச் சுகத்துக்காகத்தான் ஜீப்புக்காரர்கள் ஜீப்பை விடுவதில்லை என்பது என் கட்சி.

மைலேஜ் என்ற வார்த்தையைத் தவிர்க்க முடியாது. எனக்கு லிட்டருக்குப் பத்து. ஏன் பத்து என்பதைப் பார்த்தால் கொஞ்சம் கூட்டவும் வழி தெரியும். ஆளோடு 1,200 கிலோ என்று வைத்தால், டயர் உருளும் தடை கிட்டத்தட்ட 18 கிலோ எடையைத் தொங்கவிட்டு இழுப்பதற்குச் சமம். வேகம் எதுவானாலும் ஏறக்குறைய அதேதான். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஜிப்சி காற்றுக்கு ஒரு பீரோ. என் கணக்கில் 55 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டும் சமமாகிவிடுகின்றன; அதற்கு மேல் காற்றுக்குத்தான் பெட்ரோல் ஊற்றுகிறோம். 60-ல் போவதற்கும் 80-ல் போவதற்கும் காற்றுத்தடையில் முக்கால் பங்குக்கு மேல் வித்தியாசம். பைபாஸில் 60-ஐத் தாண்டுவதில்லை. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துக்கொள்ளட்டும். ஊருக்குள் வேறு கதை. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இந்த எடையை நிறுத்தி மறுபடி அதே வேகத்துக்குக் கொண்டுவர, எஞ்சினின் திறனையும் சேர்த்துப் பார்த்தால், சுமார் 16 மில்லி பெட்ரோல். ஒரு இருமல் மருந்து மூடி. சிக்னல் தூரத்தில் சிவப்பைப் பார்த்ததும் காலை எடுத்துவிட்டால் அந்த மூடியில் பாதி மிச்சம். முரட்டுப் பட்டன் டயர் போட்டு அழகு பார்ப்பவர்கள் உருளும் தடையை வேண்டுமென்றே கூட்டிக்கொள்கிறார்கள்.

2025-ல் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் வந்துவிட்டது. எத்தனால் லிட்டருக்கு 21 மெகாஜூல், பெட்ரோல் 32. கலவையில் ஆற்றல் ஏழு விழுக்காடு குறைவு, மைலேஜும் அந்தப் பக்கம்தான் போகும். பழைய வண்டிக்கு அதைவிடப் பெரிய தொல்லை இரண்டு. பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் ஊறவைத்து வெடிக்கச் செய்கிறது. காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. நீண்ட நாள் நின்று நீர் அளவு மீறினால், நீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்க் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும். குழாய்களை மாற்றிவிட்டேன். டேங்கை அரைக்குக் கீழே இறங்க விடுவதில்லை. காலி இடம் குறைந்தால் ஈரக்காற்றும் குறையும். கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, பழைய அளவிலேயே காற்றைக் கலக்கும். ஜெட்டைத் திருத்தாமல் ஓட்டினால் எஞ்சின் சூடாகும்.

மழை பெய்தால் தம்பானூரில் தண்ணீர் நிற்பது திருவனந்தபுரத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. 2015-ல் ஆபரேஷன் அனந்தா என்று பெயர் வைத்து ஓடைகளைத் தோண்டினார்கள். முழங்கால் தண்ணீரில் ஜிப்சி அலட்சியமாகப் போகும். போன பிறகுதான் வினை. ஓடி வந்த அச்சுக்குள் ஆயிலும் காற்றும் 80 டிகிரிச் சூட்டில் இருக்கின்றன. குளிர்ந்த வெள்ளத்துக்குள் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று 14 விழுக்காடு சுருங்கும். சுருங்கிய இடத்துக்கு வெளியிலிருந்து ஏதாவது வந்தாக வேண்டும். அச்சின் மேல் உள்ள சின்ன மூச்சுத்துளை சேறு அடைத்துக் கிடந்தால், பழைய ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அடுத்த வாரம் ஆசான் பிளக்கைக் கழற்றினால் ஆயிலுக்குப் பதில் பால்சாயா வரும். மூச்சுத்துளையில் ஒரு ரப்பர் குழாயைச் சொருகி எஞ்சின் அறை உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் காரியம் முடிந்தது. செலவு நூறு ரூபாய்கூட ஆகாது.

சிக்கனமா என்றால், சிக்கனம் என்று சொல்ல மாட்டேன். மாதம் 800 கிலோமீட்டருக்கு எனக்கு 80 லிட்டர். லிட்டருக்கு 18 கொடுக்கும் சின்னக் காருக்கு 44 போதும். வருடத்துக்கு 45,000 ரூபாய் இதிலேயே கூடுதலாகப் போகிறது. பஸ்ஸில் போனால் எல்லாமே மிச்சம். ஆனால் நாலு சக்கர விசை வேண்டும் என்கிறவருக்குக் கணக்கு மாறும். 2023-ல் மாருதியின் நாலு சக்கர விசை வண்டியான ஜிம்னி வந்தபோது ஷோரூம் விலையே 12.74 லட்சத்தில் தொடங்கியது. பத்து லட்சத்தை ஒன்பது விழுக்காடு வட்டிக்கு ஏழு வருடம் கட்டினால் மாதத் தவணை 16,000. என் மாதப் பெட்ரோல் நஷ்டத்தைப் போல நாலு மடங்கு. அந்த வித்தியாசத்தில் ஆசானுக்கு எவ்வளவு கொடுத்தாலும் எனக்குக் கை கடிக்காது. ஒரே நிபந்தனை, சேஸ் நிற்க வேண்டும். எஞ்சின் போனால் எஞ்சின் மாற்றலாம், கியர்பாக்ஸ் போனால் கியர்பாக்ஸ். சேஸ் போனால் வண்டியே போயிற்று.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இந்த வண்டியில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. குறுகலாகவும் உயரமாகவும் இருப்பதால் வேகத்தில் சட்டென்று ஒடித்தால் கவிழும் சுபாவம் உண்டு. ஜிப்சியின் அமெரிக்க உறவு சுசுகி சாமுராய். 1988-ல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை அதைச் சோதித்து, கவிழ்கிறது, வாங்காதீர்கள் என்று எழுதியது. சுசுகி 1996-ல் வழக்குப் போட்டு, 2004-ல்தான் சமாதானமானார்கள். நம் ஜிப்சி அதைவிடக் கொஞ்சம் நீளம் கூடியது, அவ்வளவுதான் ஆறுதல். பட்டை ஸ்பிரிங்கில் இருபது வருடம் ஓடிய வண்டி புதுக் காரைப் போல நிற்காது என்று நினைத்து, முன்னால் போகிறவரிடமிருந்து இரண்டு மடங்கு தள்ளியே ஓட்டுகிறேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வீட்டில் வேறு ஏற்பாடு.

பழைய வண்டியை அரசாங்கமும் அவ்வளவாக விரும்பவில்லை. 15 வருடம் முடிந்தால் ஐந்து ஐந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டியவற்றுக்கு 10,000 என்று 2025 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்தது. அதே வருட பட்ஜெட்டில் கேரளம் 15 வருடம் கடந்த சொந்த வண்டிகளின் வரியைப் பாதிக்குப் பாதி கூட்டியது.

என் ஜிப்சிக்கு அடுத்த புதுப்பிப்பு 2029-ல். அப்போது அதற்கு வயது 25. ஆசான் அடியில் படுத்து ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பார்ப்பார். முன் பட்டை மாட்டியிருக்கும் இடத்தில் அது உள்ளே போனால் கட்டணம் கட்ட மாட்டேன். நீங்கள் கடலோரத்தில் பழைய ஜீப்பு எதையாவது விலை பேசுவதாக இருந்தால், பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, சின்னச் சுத்தியலும் டார்ச் லைட்டும் எடுத்துப் போங்கள். போனட்டைத் திறப்பதற்கு முன்னால் அடியில் படுத்துப் பாருங்கள்.